தீர்ப்பைத் தேடும் மாணவர்

2024 மார்ச் 4 அன்று வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒன்றாகக் கூடின. கருக்கலைப்பு செய்துகொள்ளப் பெண்ணுக்குள்ள சுதந்திரத்தை அரசமைப்பில் பொறிக்கும் திருத்தத்துக்கு ஆதரவாக 780 வாக்குகளும், எதிராக 72 வாக்குகளும் விழுந்தன. மார்ச் 8, மகளிர் நாளன்று திருத்தம் முறைப்படி வெளியிடப்பட்டது. உலகெங்கும் இது தலைப்புச் செய்தியானது. ஆனால், அந்தப் புதிய வாசகம் அரசமைப்பின் எந்த இடத்தில் சேர்க்கப்பட்டது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

நம் நாட்டுச் சட்ட மாணவர் ஒருவர் அதைத் தேடத் தொடங்கினால், முதலில் 'அடிப்படை உரிமைகள்' என்ற பகுதியைத்தான் புரட்டுவார். 1958-ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசமைப்பில் அப்படி ஒரு பகுதியே கிடையாது. புதிய வாசகம் 34-ஆம் பிரிவில் இருக்கிறது. நாடாளுமன்றம் எந்தெந்தப் பொருள்களைப் பற்றிச் சட்டம் இயற்றலாம் என்று பட்டியலிடும் பிரிவு அது. வரி, குடியுரிமை, குற்றங்களும் தண்டனைகளும், தேர்தல் முறை ஆகியவற்றின் வரிசையில் பெண்ணின் அந்தச் சுதந்திரமும் இடம்பெற்றிருக்கிறது.

அமெரிக்காவில் 1973-இல் நீதிபதிகள் அளித்த இதே உரிமையை 2022-இல் நீதிபதிகளே திரும்பப் பெற்றுக்கொண்டனர். அதைக் கண்டு கவலையுற்ற பிரான்ஸ் நீதிமன்றத்தின் கதவைத் தட்டவில்லை. மக்கள் பிரதிநிதிகளைக் கூட்டியது. அவர்களும் அந்தச் சுதந்திரத்தைத் தங்கள் சட்டமியற்றும் பணிகளின் பட்டியலிலேயே எழுதிக்கொண்டார்கள். உரிமையின் காவலர் யார் என்ற கேள்விக்கு அந்த நாடு தரும் விடை, வாசகம் வைக்கப்பட்ட இடத்திலேயே ஓரளவு தெரிந்துவிடுகிறது.

வேறொரு சட்ட மரபில் பழகிய இளநிலை மாணவர் பிரெஞ்சு அரசமைப்புச் சட்டத்தைப் படிக்கும்போது எதிர்கொள்ளும் சிக்கல் இதுதான். மொழி கடினம் என்பது உண்மை. ஆனால், மொழியை ஓராண்டில் பிடித்துவிடலாம். தீர்ப்பைத் தேடும் பழக்கத்தை விடுவதற்குத்தான் அதைவிட நீண்ட காலம் ஆகிறது.

பிரான்ஸில் பள்ளியிறுதித் தேர்வு முடிந்தவுடன் மூன்றாண்டுச் சட்ட இளநிலைப் படிப்பில் சேரலாம். அரசமைப்புச் சட்டம் முதலாண்டிலேயே வந்துவிடும். நூற்றுக்கணக்கான மாணவர்கள் அமர்ந்திருக்கும் பேரரங்கில் பேராசிரியர் உரையாற்றுவார். பின்னர் சிறு குழுக்களில் பயிற்சி வகுப்புகள் நடக்கும். இந்த அரங்குகளில் அயல்நாட்டு மாணவர்களும் இருப்பார்கள். லண்டனில் ஈராண்டு, பாரிஸில் ஈராண்டு படித்து இரு நாட்டுப் பட்டங்களையும் பெறும் படிப்புகள் பல்லாண்டுகளாக உள்ளன. ஒரு பருவத்துக்கு மட்டும் பரிமாற்ற மாணவராகச் செல்வோரும் உண்டு. இந்தியாவிலோ பிரிட்டனிலோ ஓரிரு ஆண்டுகள் சட்டம் படித்துவிட்டு அங்கு போய் அமரும் ஒருவரை 'நம் மாணவர்' என்று இக்கட்டுரையில் வைத்துக்கொள்வோம்.

முதல் பருவத்தில் நம் மாணவருக்குக் காத்திருப்பது ஏமாற்றம். வாரக்கணக்கில் வழக்கு ஒன்றும் வராது. அரசு என்றால் என்ன, இறைமை யாருடையது, பிரதிநிதித்துவம் என்றால் என்ன என்றே பாடம் நகரும். ரூசோவின் கருத்துப்படி இறைமை மக்களுக்கு உரியது. அதைப் பிறரிடம் ஒப்படைக்க இயலாது. சியேஸின் கருத்துப்படி அது தேசத்துக்கு உரியது. பிரதிநிதிகள் மூலமாகவே அது பேச முடியும். பிறகு வரலாறு. 1791 முதல் இன்றுவரை ஏறத்தாழ பதினைந்து அரசமைப்புகளைக் கண்ட நாடு அது. முடியாட்சி, குடியரசு, பேரரசு என்று மாறி மாறி வந்த ஆட்சிமுறைகள் ஒவ்வொன்றும் ஏன் கவிழ்ந்தன என்பதை மாணவர் சொல்ல வேண்டும். 'இது சட்ட வகுப்பா, வரலாற்று வகுப்பா' என்று நம் மாணவர் முணுமுணுக்கத் தொடங்குவார்.

அந்த வரலாறுதான் சட்டத்துக்கு உரை என்பது சற்றுத் தாமதமாகவே புரியும். ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். புரட்சிக்கு முந்தைய பிரான்ஸில் 'பார்லமான்' என்பது நாடாளுமன்றம் அன்று, நீதிமன்றம். பதவியை விலை கொடுத்து வாங்கிய, பரம்பரையாக அனுபவித்த நீதிபதிகள் அதில் இருந்தனர். அரசாணைகளைப் பதிவேட்டில் ஏற்றும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஏற்க மறுத்து ஆட்சேபம் தெரிவிக்கவும் செய்தார்கள். மேட்டுக்குடியினரின் வரிச் சலுகைகளைக் குறைக்க மன்னரின் அமைச்சர்கள் முயன்றபோதெல்லாம் குறுக்கே நின்றவர்கள் இவர்களே. எனவே, புரட்சியாளர்களின் பார்வையில் நீதிபதி என்பவர் மக்களைக் காக்க வந்தவரல்லர். சலுகை பெற்றோரின் காவலர்.

1790 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம், நிர்வாக அமைப்புகளின் பணியில் நீதிபதிகள் எவ்வகையிலும் தலையிடலாகாது என்று தடை விதித்தது. அதற்கு ஓராண்டு முன்னர் வெளியான மனித உரிமைப் பிரகடனத்தின் 6-ஆம் பிரிவோ, சட்டம் என்பது பொதுவிருப்பத்தின் வெளிப்பாடு என்று அறிவித்திருந்தது. பொதுவிருப்பத்தைவிட உயர்ந்த இடத்தில் நீதிபதியை எப்படி அமர்த்துவது? ஏறக்குறைய 170 ஆண்டுகள் அந்த நாடு அவரை அங்கே அமர்த்தவே இல்லை. அமெரிக்க உச்சநீதிமன்றம் தொழிலாளர் நலச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்திய காலத்தில், 1921-இல், எதுவார் லாம்பேர் என்ற சட்ட அறிஞர் அதைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பில் 'நீதிபதிகளின் ஆட்சி' என்ற தொடர் இடம்பெற்றது. இன்றும் பிரெஞ்சு அரசியலில் அது வசைச்சொல்தான்.

நீதிமன்றமே உரிமைகளின் புகலிடம் என்று பள்ளிப் பாடநூலிலிருந்தே படித்து வந்த நம் மாணவருக்கு இது முதல் அதிர்ச்சி. 32-ஆம் பிரிவை அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் அழைத்தார் என்பதை மனப்பாடம் செய்தவர் அல்லவா அவர்.

1958-க்கு வருவோம். நான்காம் குடியரசு பன்னிரண்டே ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட அமைச்சரவைகளைப் பார்த்தது. அல்ஜீரியப் போர் அந்த ஆட்சிமுறையை முறித்தது. சார்லஸ் தெ கோல் திரும்பி வந்தார். மிஷேல் தெப்ரே முன்னின்று வரைவைத் தயாரித்தார். மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட புதிய அரசமைப்பு அக்டோபர் 4 அன்று வெளியிடப்பட்டது. அதன் நோக்கம் ஒன்றே: அரசு நிலைத்து நிற்க வேண்டும். நாடாளுமன்றத்தின் கையைக் கட்டுவதற்கான கருவிகள் அதில் ஏராளம். ஒன்பது உறுப்பினர்கள் கொண்ட அரசமைப்பு மன்றமும் அப்போது அத்தகைய கருவியாகவே உருவாக்கப்பட்டது. நாடாளுமன்றம் தனக்கு ஒதுக்கப்பட்ட 34-ஆம் பிரிவின் எல்லையைத் தாண்டி, அரசின் ஆணை அதிகாரத்துக்குள் நுழைகிறதா என்று பார்ப்பதே அதற்கு முதலில் விதிக்கப்பட்ட வேலை. குடிமகனின் உரிமை அந்தக் கணக்கில் வரவில்லை.

இந்த மன்றத்தின் உறுப்பினர்கள் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற விதிகூடக் கிடையாது. குடியரசுத் தலைவர் மூவரையும், தேசியப் பேரவைத் தலைவர் மூவரையும், செனட் தலைவர் மூவரையும் ஒன்பதாண்டுகளுக்கு நியமிக்கின்றனர். முன்னாள் குடியரசுத் தலைவர்கள் ஆயுள் முழுவதும் உறுப்பினராக இருக்கலாம். 2016 முதல் 2025 வரை மன்றத்துக்குத் தலைமை வகித்த லோரான் ஃபாபியுஸ் முன்னாள் பிரதமர். அவருக்குப் பின் வந்த ரிஷார் ஃபெரான் தேசியப் பேரவையின் முன்னாள் தலைவர். நம் ஊரில் இப்படி ஒரு நியமனம் நடந்தால் என்ன கூச்சல் எழும் என்று நம் மாணவர் எண்ணிப் பார்ப்பார். நியாயமான எண்ணமே. அங்கேயும் அதைக் குறைசொல்லும் பேராசிரியர்கள் பலர் உண்டு.

நீதிபதியின் எல்லை எதுவரை என்பதை 1962-ஆம் ஆண்டு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டியது. குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தெ கோல் விரும்பினார். அரசமைப்பைத் திருத்தும் வழி 89-ஆம் பிரிவில் இருக்கிறது. அதன்படி முதலில் இரு அவைகளின் ஒப்புதல் வேண்டும். அது கிடைக்காது என்பதை அறிந்த அவர், சாதாரணச் சட்டங்களுக்கென அமைந்த 11-ஆம் பிரிவின் மக்கள் வாக்கெடுப்பைக் கையில் எடுத்தார். செனட் தலைவர் காஸ்தோன் மோனர்வில் வெகுண்டெழுந்தார். தேசியப் பேரவை பொம்பிதூ அமைச்சரவையை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்த்தியது. தெ கோல் பேரவையைக் கலைத்தார். வாக்கெடுப்பில் 62 விழுக்காட்டினர் ஆம் என்றனர். மோனர்வில் அரசமைப்பு மன்றத்தை அணுகினார். நவம்பர் 6 அன்று மன்றம் சொன்னது இதுதான்: மக்கள் வாக்கெடுப்பில் ஏற்ற சட்டம் தேசிய இறைமையின் நேரடி வெளிப்பாடு, அதைப் பரிசீலிக்க எங்களுக்கு அதிகாரமில்லை.

தேர்வில் இதை எழுதச் சொன்னால் நம் மாணவர், 'நடைமுறை மீறப்பட்டது; ஆகவே செல்லாது' என்று முடிப்பார். பிரெஞ்சு ஆசிரியர் அதற்குப் பக்கத்தில், 'இறைமையாளர் பேசிய பிறகு செல்லாது என்று சொல்வதற்கு யார் இருக்கிறார்?' என்று எழுதுவார். இந்தக் கேள்விக்கு நம் மாணவரின் முந்தைய படிப்பு அவரை ஆயத்தப்படுத்தவில்லை.

புதுச்சேரி வாசகர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. நிலப்பகுதி எதுவும் அங்குள்ள மக்களின் ஒப்புதலின்றிக் கைமாறக் கூடாது என்று 1946-ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசமைப்பு விதித்திருந்தது. 1954 அக்டோபரில் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்ததை அந்த விதியின் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். நிலப்பகுதியை விட்டுக்கொடுப்பது எப்படி என்ற அதே கேள்வி 1960-இல் பேருபாரி விவகாரத்தில் இந்தியாவில் எழுந்தபோது, விடை சொன்னது உச்சநீதிமன்றம்: அரசமைப்பைத் திருத்தியாக வேண்டும் என்றது. கச்சத்தீவு விவாதங்களில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அந்தக் கருத்துரைதான். ஒரே கேள்வியை ஒரு மரபு மக்களிடம் கொண்டுசெல்கிறது. மற்றொன்று நீதிபதிகளிடம் கொண்டுசெல்கிறது.

பிரான்ஸும் அப்படியே நின்றுவிடவில்லை. சிமோன் தெ பொவார் உள்ளிட்டோர் தொடங்க முயன்ற ஒரு சங்கத்துக்குப் பதிவுச் சீட்டுத் தர பாரிஸ் காவல் துறை மறுத்தது. நிர்வாகத் தீர்ப்பாயம் அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்தது. உடனே அரசு, சங்கம் அமைப்பதற்கு முன்பே நீதித் துறையின் சோதனை வேண்டும் என்று சட்டத்தையே மாற்ற முனைந்தது. அப்போதைய செனட் தலைவர் அலேன் பொயேர் அதை அரசமைப்பு மன்றத்துக்கு அனுப்பினார். 1971 ஜூலை 16 அன்று மன்றம் அந்த மாற்றத்தை வீழ்த்தியது.

எதைக் கொண்டு வீழ்த்தியது என்பதில்தான் சுவை இருக்கிறது. 1958 அரசமைப்பின் முகப்புரை 1789 பிரகடனத்தையும் 1946 முகப்புரையையும் குறிப்பிடுகிறது. 1946 முகப்புரை 'குடியரசின் சட்டங்கள் ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கோட்பாடுகள்' என்று பெயர் சொல்லாமல் எதையோ சுட்டுகிறது. சங்கம் அமைக்கும் சுதந்திரத்தைத் தந்த 1901-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகையது என்று மன்றம் கண்டது. நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டம் ஒன்றிலிருந்தே நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தும் கோட்பாடு பிறந்தது! அரசின் கருவியாகத் தொடங்கிய மன்றம் அன்று முதல் உரிமைகளின் காவலர்களுள் ஒன்றானது. மூன்றாண்டுகள் கழித்து, 60 உறுப்பினர்கள் கையொப்பமிட்டால் எதிர்க்கட்சியும் மன்றத்தை அணுகலாம் என்று அரசமைப்பு திருத்தப்பட்டது.

இதற்கு ஈராண்டுக்குள், 1973 ஏப்ரல் 24-இல், தில்லியில் கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு வந்தது. அங்கும் முகப்புரைக்கு உயிர் வந்தது. ஆனால், இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்தால் நம் மாணவர் திகைத்துப் போவார். ஒன்று 13 நீதிபதிகள், 11 தனித்தனித் தீர்ப்புரைகள், பல நூறு பக்கங்கள், ஏழுக்கு ஆறு என்ற நூலிழைப் பெரும்பான்மை. மற்றொன்று ஓரிரு பக்கங்களுக்குள் அடங்குவது. யார் எழுதினார், யார் மறுத்தார், எத்தனை பேர் எந்தப் பக்கம் என்ற தகவல் ஒன்றும் அதில் இராது. 'கருத்தில் கொண்டு... கருத்தில் கொண்டு...' என்று நீளும் ஒரே வாக்கியமாகத் தீர்ப்பை எழுதும் பழக்கத்தை மன்றம் 2016-இல்தான் கைவிட்டது.

இந்தச் சுருக்கத்தைப் பிரெஞ்சுப் பேராசிரியர்கள் சிலர் தெளிவு என்று போற்றுகின்றனர். என் கருத்தில் அது குறைதான். உரிமையைப் பறிகொடுத்தவருக்கு ஏன் என்று விரிவாகச் சொல்லும் கடமை எந்த நீதிமன்றத்துக்கும் உண்டு. காரணங்கள் சொல்லப்படாத இடத்தை அங்கே சட்ட அறிஞர்களின் விளக்க எழுத்துகள் நிரப்புகின்றன. மாணவர் தீர்ப்பைப் படிப்பதைவிட, தீர்ப்பைப் பற்றிப் பேராசிரியர்கள் எழுதியதைப் படிப்பதே அதிகம். நம் நீதிமன்றங்களில் நூலாசிரியர் துணைக்கு வருபவர். அங்கே அவர் கிட்டத்தட்ட உரையாசிரியர். நன்னூல் சூத்திரத்தை உரையின்றிப் படிக்க முயன்றவருக்கு இந்த நிலை விளங்கும்.

அரசமைப்பைத் திருத்துவதிலும் இரு மரபுகளும் எதிரெதிர் முனைகளில் நிற்கின்றன. நம் அரசமைப்பில் திருத்த முடியாத பகுதி இது என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால், அடிப்படைக் கட்டமைப்பை மாற்றக் கூடாது என்று நீதிபதிகள் அறிவித்தனர். பிரெஞ்சு அரசமைப்பின் 89-ஆம் பிரிவிலோ குடியரசு ஆட்சிமுறையைத் திருத்தத்துக்கு உட்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆனால், அரசமைப்புத் திருத்தத்தைப் பரிசீலிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று மன்றம் 2003 மார்ச் 26 அன்று சொல்லிவிட்டது. எழுத்தில் இல்லாத வேலிக்கு இங்கே காவலர் இருக்கிறார்; எழுதி வைத்த வேலிக்கு அங்கே நீதித் துறையில் காவலர் இல்லை. அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு இயல்பானது, எந்த நாட்டு நீதிபதியும் அங்குதான் வந்து சேர்ந்திருப்பார் என்று எண்ணியிருந்த நம் மாணவருக்கு, அது ஒரு தேர்வு, இன்னொரு நாடு வேறு விதமாகத் தேர்ந்தெடுத்தது என்பது அன்று தெரிகிறது. கோட்பாடு அதனால் பிழையாகிவிடாது. ஆனால், அதற்கு இனிமேல் அவரே வாதாட வேண்டும்.

இவ்வளவும் புரிந்த பிறகு இன்னொரு புதிர் வரும். பிரான்ஸின் சாதாரண நீதிமன்றம் எதுவும் ஒரு சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று தானே ஒதுக்க முடியாது. ஆனால், அதே சட்டம் ஒரு பன்னாட்டு ஒப்பந்தத்துக்கு முரணானால் ஒதுக்கலாம். குடிமையியல், குற்றவியல் வழக்குகளின் உச்சநீதிமன்றம் 1975-லும், நிர்வாக வழக்குகளின் உச்ச அமைப்பு 1989-லும் இந்த நிலையை எடுத்தன. ஆக, சொந்த அரசமைப்பைக் கொண்டு செய்ய முடியாததை ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையைக் கொண்டு செய்யலாம் என்றானது. இந்தச் சங்கடம் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு ஒரு காரணம். 2010 மார்ச் 1 முதல் வழக்காடுபவர் எவரும், தமக்கு எதிரான சட்டம் அரசமைப்பு காக்கும் உரிமைகளை மீறுகிறது என்று வழக்கின் நடுவில் கேள்வி எழுப்பலாம். இரு உச்ச அமைப்புகளில் ஒன்று வடிகட்டி அனுப்ப, அரசமைப்பு மன்றம் மூன்று மாதங்களுக்குள் விடை தர வேண்டும். முதல் விடை 2010 மே 28 அன்று வந்தது: பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய முன்னாள் குடியேற்ற நாட்டவருக்குக் குறைந்த ஓய்வூதியம் தந்த சட்டங்கள் வீழ்ந்தன. நம் மாணவர் ஒருவழியாகத் தமக்குப் பழகிய நிலத்தில் கால் வைத்த உணர்வைப் பெறுவது இங்கேதான்.

சொற்களும் காலை வாரிவிடும். பிரெஞ்சில் 'லுவா' என்றால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். 'துருவா' என்றால் சட்டம் என்னும் முழு அமைப்பு, உரிமை என்றும் பொருள். இரண்டையும் 'சட்டம்' என்றே மொழிபெயர்த்துப் படிப்பவர் பாதிப் பாடத்தைத் தவறவிடுவார். ஆங்கிலத்தில் 'ஜூரிஸ்புருடன்ஸ்' என்று சட்டத் தத்துவத்தைக் குறிக்கும் சொல், பிரெஞ்சில் தீர்ப்புகளின் தொகுதியைக் குறிக்கும். நம் அவசரச் சட்டத்தை நினைவூட்டும் 'ஓர்தொனான்ஸ்', அவை கூடாத நேரத்தில் பிறப்பிப்பது அன்று. நாடாளுமன்றமே முன்கூட்டி அனுமதி தந்து, குறித்த காலத்துக்கு அரசிடம் ஒப்படைக்கும் அதிகாரம்.

தேர்வு முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணீர் விடும் இடம் பெரும்பாலும் அதுதான். மூன்று மணி நேரம், ஒற்றை வரித் தலைப்பு: 'ஐந்தாம் குடியரசின் தலைவர் நடுவரா?' என்பது போல. நம் மாணவர் தெரிந்த வழக்குகளையும் பிரிவுகளையும் அடுக்கி, இருபதுக்கு ஏழு மதிப்பெண்ணோடு திரும்புவார். அங்கே எதிர்பார்ப்பது கட்டடம். நீண்ட முன்னுரை வேண்டும். அதில் சொற்களை வரையறுத்து, வரலாற்றில் வைத்து, தலைப்புக்குள் ஒளிந்திருக்கும் கேள்வியை வெளியே எடுக்க வேண்டும். பிறகு இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு உட்பகுதிகள். மூன்று கூடாது. 'நான்' கூடாது. முடிவுரை தேவையில்லை. எந்தச் சிக்கலையும் இரண்டாகவே பிளக்கச் சொல்லும் இந்தப் பிடிவாதம் முதலில் கேலிக்குரியதாகத் தோன்றும். ஆனால், எதை எதனோடு எதிர் நிறுத்துவது என்று முடிவெடுக்காமல் ஒரு வரிகூட எழுத முடியாத நிலையை அது உண்டாக்குகிறது. தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வரும் வழி அடைபடுகிறது.

நடுவரா என்ற அந்தக் கேள்வியே நல்ல எடுத்துக்காட்டு. 5-ஆம் பிரிவு தலைவரை நடுநிலையாளராகக் காட்டுகிறது; தேசத்தின் கொள்கையை வகுத்து நடத்துவது அரசே என்கிறது 20-ஆம் பிரிவு. நடப்பிலோ கொள்கையை வகுப்பவர் பெரும்பாலும் தலைவர்தான். ஆனால், 1986-லும் 1993-லும் 1997-லும் பேரவைப் பெரும்பான்மை எதிரணியிடம் போனபோது, பிரதமர் ஆண்டார், தலைவர் ஒதுங்கினார். ஓர் எழுத்துகூட மாறாமல் அரசமைப்பின் பொருள் மாறியது. 2024 ஜூன் மாதக் கலைப்புக்குப் பின் எந்த அணிக்கும் பெரும்பான்மை இல்லாத பேரவை வந்தது. 1962-க்குப் பின் எந்த அரசும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் கவிழவில்லை என்று பாடநூல்கள் எழுதி வந்த வரியை, 2024 டிசம்பர் 4 அன்று பார்னியே அரசின் வீழ்ச்சி பழையதாக்கியது. 2025 செப்டம்பர் 8 அன்று பைரூ அரசு நம்பிக்கை வாக்கில் தோற்றது. இவை எதிலும் தீர்ப்பு ஒன்றும் இல்லை. ஆயினும், இவைதான் அங்கே அரசமைப்புச் சட்டத்தின் மையப் பாடம்.

நம் சட்டக் கல்வியின் குறை ஒன்று இங்கே தெரிகிறது. அவைகளின் நடைமுறை, மசோதா நகரும் வழி, பெரும்பான்மை உருவாகும் விதம் ஆகியவற்றை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிட்டு, 21-ஆம் பிரிவின் தீர்ப்புகளுக்குத் தாவிவிடுகிறோம். உரிமையைப் பாதிக்கும் பல முடிவுகள் நடைமுறை விதிகளுக்குள்தான் எடுக்கப்படுகின்றன.

2023-இல் ஓய்வு பெறும் வயதை 62-லிருந்து 64-ஆக உயர்த்திய பிரெஞ்சுச் சீர்திருத்தம் அதற்குச் சான்று. தெருக்களில் மக்கள் திரண்டனர். அரசு அதைச் சமூகப் பாதுகாப்பு நிதித் திருத்த மசோதாவாகக் கொண்டுவந்தது. அந்த வகை மசோதாவுக்கு விவாதக் காலம் குறுகியது. மார்ச் 16 அன்று பிரதமர் எலிசபெத் போர்ன் 49-ஆம் பிரிவின் மூன்றாம் பத்தியைப் பயன்படுத்தினார். அதன்படி பிரதமர் ஒரு மசோதாவின் மீது தம் அரசின் பொறுப்பைப் பணயம் வைக்கலாம். 24 மணி நேரத்துக்குள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டு, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் வாக்கால் நிறைவேறாவிட்டால் மசோதா வாக்கெடுப்பின்றியே நிறைவேறியதாகக் கொள்ளப்படும். தீர்மானம் ஒன்பது வாக்குக் குறைவால் தோற்றது. ஏப்ரல் 14 அன்று அரசமைப்பு மன்றம், இத்தனை நடைமுறைகளையும் ஒன்றாகக் கையாண்டது வழக்கத்துக்கு மாறானது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் அது அரசமைப்புக்கு முரணாகாது என்று கூறி, வயது உயர்வை ஏற்றது.

2016-இல் ஆதார் சட்டம் நிதி மசோதாவாகக் கொண்டுவரப்பட்டு, மாநிலங்களவைக்கு அதை மறுக்கும் வாய்ப்பே இல்லாமல் நிறைவேறியதை அறிந்த நம் மாணவருக்கு இது எங்கோ கேட்ட கதையாகத் தோன்றும். 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அதை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றது. அந்த ஒருவர், நீதிபதி சந்திரசூட், மாநிலங்களவையைத் தவிர்த்தது அரசமைப்பின் மீது நடந்த மோசடி என்று எழுதியதை அன்று மாலையே எவரும் படிக்க முடிந்தது.

பாரிஸில் அந்த ஒன்பது பேருக்குள் மறுத்தவர் எவரேனும் இருந்தாரா என்பதை அறிய வழியில்லை. மன்றத்தின் விவாதக் குறிப்புகள் 25 ஆண்டுகளுக்குப் பின்னரே திறக்கப்படும். 2008-க்கு முன் அது 60 ஆண்டுகளாக இருந்தது. 1971-ஆம் ஆண்டு விவாதம் இப்போது திறந்திருக்கிறது; தீர்ப்பில் இல்லாத தயக்கங்களையும் வாதங்களையும் மாணவர்கள் அதில் படிக்கிறார்கள். 2023 ஏப்ரல் 14 விவாதம் 2048-இல் திறக்கப்படும். இன்று முதலாண்டு அரங்கில் அமர்ந்திருப்பவர்களுக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்.